குமிழும் பசையும்: 2008 என்விடியா லேப்டாப் சிப் பழுது, ஒரு நிகழ்வு ஆய்வு

2007 கடைசியில் எச்பியின் பெவிலியன் டிவி2000, டிவி6000, டிவி9000 வரிசை லேப்டாப்களில் ஒரே மாதிரிப் புகார்கள் குவிய ஆரம்பித்தன. முதலில் வைஃபை காணாமல் போகும். கார்டுதான் போய்விட்டது என்று புதுக் கார்டு போட்டால் அதையும் மெஷின் கண்டுகொள்ளாது. இன்னும் கொஞ்ச நாள் போனால் பவர் பட்டனை அழுத்தியதும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். வைஃபைக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பழுதான பல மாடல்களில் இரண்டின் இணைப்பும் ஒரே என்விடியா சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) வழியாகப் போனது. எச்பி அந்த மாடல்களுக்கு வாரண்டியை நீட்டித்துக் கொடுத்தது.

2008 ஜூலை 2 அன்று என்விடியா அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தில் ஒரு அறிக்கை தாக்கல் செய்தது. லேப்டாப்களுக்காகச் செய்த முந்தைய தலைமுறை கிராஃபிக்ஸ் சிப்களும் சிப்செட்களும் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்றது அறிக்கை. காரணமாகச் சொன்னது, சிலிக்கான் துண்டான டையிலும் அதைத் தாங்கும் பேக்கேஜிலும் பயன்படுத்திய பொருள்களின் ஒரு குறிப்பிட்ட சேர்க்கை பலவீனமாக இருந்ததை. லேப்டாப்பின் சூடு தணிக்கும் வடிவமைப்பும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதமும் சேர்ந்த காரணங்கள் என்று ஒரு வரி. வருவாய்க் கணிப்பையும் கூடவே குறைத்திருந்தார்கள். மறுநாள் பங்கு ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது.

வாடிக்கையாளர் லேப்டாப்பைப் போடுவதும் அணைப்பதும் ஒரு காரணம் என்று சொன்னதைப் பலர் கிண்டல் செய்தார்கள். கிண்டலுக்கு உரியதுதான். ஆனால் பொறியியல்படி அந்த வரி முழுக்க உண்மை. இந்தப் பழுதைப் புரிந்துகொள்ள அந்த வரியையும் ‘சேர்க்கை’ என்ற சொல்லையும் பிடித்துக்கொண்டால் போதும்.

சிப்பை எதில், எப்படி ஒட்டுகிறார்கள்

நாம் சிப் என்று கையில் எடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் பேக்கேஜ். உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டுதான் டை. அதை வெளி உலகத்தோடு இணைக்கப் பழைய வழி வயர் பாண்டிங். 1957இல் பெல் ஆய்வகத்தினர் சூடும் அழுத்தமும் கொடுத்துத் தங்கக் கம்பியை ஒட்ட வைத்ததில் தொடங்கிய வேலை இது. இன்றைய மெஷினில் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அல்லது அதைவிட மெல்லிய கம்பி, கேபிலரி என்னும் பீங்கான் ஊசியின் துளை வழியாக வரும். ஒரு மின்பொறி நுனியை உருக்கி உருண்டையாக்கும். ஊசி அதை டையின் பேடில், அதாவது உலோக இணைப்புப் புள்ளியில், அழுத்தும், அல்ட்ராசோனிக் அதிர்வு கொடுக்கும், ஒட்டியதும் கம்பியை வளைத்துக்கொண்டு போய் மறுமுனையை அழுத்தி அறுத்துவிட்டு அடுத்ததுக்குத் தாவும். வினாடிக்குப் பல கம்பிகள். உலகில் இன்றும் ஏராளமான சிப்கள் இப்படித்தான் இணைகின்றன.

கிராஃபிக்ஸ் சிப்புக்கு இது போதாது. கம்பியை டையின் ஓரங்களில்தான் போட முடியும். நூற்றுக்கணக்கான இணைப்புகளும் நிறைய மின்சாரமும் வேண்டுமென்றால் டையின் முகம் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும். அதற்குத்தான் ஃபிளிப் சிப். டையைக் கவிழ்த்து, முகமெங்கும் வரிசையாக வைத்த சாலிடர் (பற்றவைக்கும் உலோகக் கலவை) குமிழ்களை நேரடியாகச் சப்ஸ்ட்ரேட் என்னும் அடித்தட்டில் உருக்கி ஒட்டுவது. 1964இல் சிஸ்டம்/360 கம்ப்யூட்டரை அறிவித்தபோது ஐபிஎம் இதன் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் சாலிடருக்குள் சின்னச் செப்பு உருண்டைகள் இருந்தன. அப்புறம் செப்பை எடுத்துவிட்டு முழுக்கச் சாலிடர் குமிழாகவே ஆக்கினார்கள். அந்தக் குமிழில் பெரும்பங்கு ஈயம். 95 சதவீதம் ஈயம், 5 சதவீதம் வெள்ளீயம் என்பது புகழ்பெற்ற கலவை. 310 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். மென்மையானது, நன்றாக இழுபடும், அதிக மின்சாரத்தைத் தாங்கும். பல பத்தாண்டுகள் ஐபிஎம்மின் பெரிய மெஷின்களில் நல்ல பெயர் வாங்கியது.

ஆனால் அந்த நல்ல பெயர் பீங்கான் சப்ஸ்ட்ரேட்டின் மேல் வாங்கியது. 2000களில் பேக்கேஜ்கள் பிசின் கலந்த கண்ணாடி இழைப் பலகைக்கு மாறிவிட்டன. விலை குறைவு, வயரிங்கை நெருக்கமாகப் போடலாம். 310 டிகிரிக்குச் சூடாக்கினால் இந்தப் பலகை கெட்டுவிடும். ஆகவே பலகைப் பக்கத்தில் 183 டிகிரியிலேயே உருகும் 63க்கு 37 வெள்ளீய-ஈயச் சாலிடரைப் பூசி, அதை மட்டும் உருக்கி, உருகாத ஈயக் குமிழை அதற்குள் உட்கார வைப்பார்கள். அதாவது ஒரே இணைப்பில் இரண்டு கலவைகள்.

ஆறு மைக்ரான்

சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 3 பங்கு விரியும். பிசின் பலகை 17 பங்கு வரை விரியும். பீங்கான் என்றால் 7க்குள். பீங்கானில் வாங்கிய பெயரைப் பலகைக்குக் கொண்டுவர முடியாததற்குக் காரணம் இந்த மூன்று எண்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு 13 மில்லிமீட்டர் உள்ள டை, அந்தக் காலத்து நடுத்தர கிராஃபிக்ஸ் சிப்பின் அளவு. நடுவிலிருந்து மூலைக்கு 9.2 மில்லிமீட்டர். லேப்டாப்பைப் போட்டு ஒரு வீடியோ பார்த்தால் சூடு 50 டிகிரி ஏறுவது சர்வசாதாரணம். விரிவு வித்தியாசம் 14 பங்கு. மூன்றையும் பெருக்கினால் மூலைக் குமிழின் தலைக்கும் காலுக்கும் நடுவே 6.4 மைக்ரான் விலகல் வருகிறது. குமிழின் உயரமே 75 மைக்ரான் வாக்கில்தான். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் குமிழ் தன் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் பக்கவாட்டில் சாய்கிறது; அணைத்ததும் திரும்பி வருகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான். உலோக அயர்ச்சியில் ஒரு தோராய விதி உண்டு: நெளிவு இரட்டிப்பானால் ஆயுள் கால்பங்காகும்.

சிப்பை 24 மணி நேரமும் ஒரே சூட்டில் ஓட விட்டால் இந்தச் சேதம் மிகக் குறைவு. அடிக்கடி மூடித் திறக்கிற லேப்டாப்புக்குத்தான் ஆபத்து. நாளுக்கு ஐந்து முறை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,800 சுற்றைத் தாண்டிவிடும். மேசைக் கணினியை விட லேப்டாப்கள் முதலில் விழுந்ததற்கு நெருக்கடியான இடமும் சின்ன ஃபேனும் மட்டும் காரணமில்லை, இந்தப் போடுவதும் அணைப்பதும் சேர்ந்தே காரணம்.

பசையின் பங்கு

பலகையில் ஃபிளிப் சிப் வேலை செய்வதே அண்டர்ஃபில் என்னும் பசையின் தயவால். டையைச் சாலிடர் செய்த பிறகு ஓரத்தில் திரவ எப்பாக்ஸியைக் கோடாக விடுவார்கள். டைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள சந்தில் அது தானாகவே உறிஞ்சப்பட்டு ஊர்ந்து, ஒவ்வொரு குமிழையும் சுற்றிக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அப்புறம் அடுப்பில் வைத்து இறுகச் செய்வார்கள். விரிவைக் குறைக்க அதில் நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்திருக்கும். இறுகிய பசை டையையும் பலகையையும் பிடித்துக் கட்டிவிடுவதால், விலகல் குமிழ்மேல் இறங்காமல் மொத்த பேக்கேஜும் லேசாக வளைந்து சமாளிக்கிறது. குமிழின் ஆயுள் பத்து மடங்கோ அதற்கு மேலோ கூடும்.

எந்த எப்பாக்ஸிக்கும் ஒரு இளகு வெப்பநிலை உண்டு. உருகாது, ஆனால் அதைத் தாண்டியதும் விறைப்பு பத்து மடங்கு, சிலவற்றில் நூறு மடங்கு வரை குறையும். விரிவோ மூன்று நான்கு மடங்கு ஏறும். அதாவது எந்தச் சூட்டில் குமிழுக்குத் துணை மிக அவசியமோ, அதே சூட்டில் பசை கைவிட்டுவிடும். பக்கவாட்டில் தாங்காதது மட்டுமல்ல, தானும் மேல்நோக்கி வீங்கி டையைத் தூக்கப் பார்க்கும்.

அப்படியானால் இளகு வெப்பநிலை உயர்ந்த, விறைப்பான பசையையே போட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். சிலிக்கானின் முகத்தில் செப்புக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் மின்காப்புப் படலம், அந்தத் தலைமுறைகளில் வேகத்துக்காக இலேசான, நொறுங்கும் தன்மையுள்ள பொருளாக மாறிக்கொண்டிருந்தது. பசை ரொம்ப விறைப்பாக இருந்தால் வளைவின் இழுவை முழுவதும் அந்தப் படலத்தில் ஏறி அதை உரித்துவிடும். மென்மையாக இருந்தால் படலம் பிழைக்கும், குமிழ் சாகும். பேக்கேஜ் பொறியாளர்கள் சம்பளம் வாங்குவதே இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் கண்டுபிடிக்கத்தான்.

அன்றைய தொழில்நுட்பப் பத்திரிகைகள் முன்வைத்த விளக்கம் இதுதான்: என்விடியா எடுத்த பசையின் இளகு வெப்பநிலை, சிப் அன்றாடம் தொடும் சூட்டுக்குள்ளேயே இருந்தது. மேலே ஈயம் மிகுந்த குமிழ், கீழே பிசின் பலகை, நடுவில் வேலை நேரத்தில் இளகிவிடும் பசை. தனித்தனியாக எடுத்தால் மூன்றுமே சந்தையில் விற்கும் நல்ல பொருள்கள்தான்.

சோதனையில் இது ஏன் சிக்கவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். இத்தகைய பேக்கேஜ்களைக் குளிர்-சூடு அறைகளில் கழித்தல் 40இலிருந்து 125 டிகிரி வரை போன்ற அகன்ற எல்லைகளில் சில நூறு, ஆயிரம் சுற்று ஓட்டிவிட்டு, கிடைத்த ஆயுளைப் பெருக்கி அன்றாடப் பயன்பாட்டுக்குக் கணிப்பது வழக்கம். பசை கணிசமான நேரம் விறைப்பாக இருக்கும் சோதனைக்கும், தினமும் இளகு எல்லையைத் தாண்டித் தாண்டி வரும் லேப்டாப்புக்கும் அந்தப் பெருக்கல் எண் ஒன்றாக இருக்க முடியாது. தேர்வில் வந்த கேள்வி ஒன்று, வாழ்க்கையில் வந்தது வேறு.

வெட்டிப் பார்த்தபோது

எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா என்று கேட்பார்கள். அநேகமாகத் தெரியாது. ஈயம் எக்ஸ்ரேயை நன்றாகத் தடுப்பதால் குமிழ் கறுப்பு வட்டமாக விழும். கிடைமட்டமாக ஓடும் மயிரிழை விரிசல் அந்த வட்டத்துக்குள் மறைந்துவிடும். வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

அந்த வேலையே ஒரு கலை. பேக்கேஜை எப்பாக்ஸியில் பதித்து, குமிழ் வரிசை வரை அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். கரடிலிருந்து மென்மைக்கு, கடைசியில் வைரப் பசை. சிலிக்கான் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதன் கீழே ஈயம் வெண்ணெய் மாதிரி இழுபடும். அவசரப்பட்டால் தாளின் துகள் ஈயத்தில் புதைந்துகொள்ளும்; அதைவிட மோசம், ஈயமே விரிசலின் மேல் தடவப்பட்டு அதை மூடிவிடும். விரிசல் உள்ள குமிழ் முழுசாகத் தெரியும். பொறுமையாக மெருகேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் ஈயம் பளீர் வெள்ளை, வெள்ளீயம் சாம்பல், செப்பு அதைவிடக் கறுப்பு. ஒரு குமிழின் எந்த இடத்தில் எந்தக் கலவை, விரிசல் எதன் ஓரமாக ஓடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் பேசும்.

ஆப்பிள் விஷயத்தில் இந்த வெட்டுமுகம் பெரிய செய்தியானது. தன் கம்ப்யூட்டர்களுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா உறுதி கொடுத்திருந்ததாகவும், ஆனாலும் தானே ஆராய்ந்ததில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8600எம் ஜிடி சிப் கொண்ட சில மேக்புக் ப்ரோக்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று தெரிந்ததாகவும் 2008 அக்டோபரில் ஆப்பிள் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தி இன்குவைரர் இதழின் செய்தியாளர் சார்லி டெமர்ஜியன், புதிய மேக்புக் ப்ரோ ஒன்றையே வாங்கிப் பிரித்து, சிப்பை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, ஈயம் மிகுந்த அதே வகைக் குமிழ்தான் உள்ளே இருக்கிறது என்று எழுதினார். பசையை மாற்றிவிட்டோம், இந்தச் சிப்பில் பிரச்சினை இல்லை என்பது என்விடியாவின் பதில். டெமர்ஜியன் அந்த நிறுவனத்தோடு வம்பு வளர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர்தான். ஆனாலும் மடிக்கணினியை வெட்டிப் பார்த்துச் செய்தி எழுதும் நிருபர்கள் நமக்கு இன்னும் நாலு பேர் தேவை.

பொருள் சேர்க்கையைப் பற்றிப் பேசும்போது குமிழை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல பசையோடு அதே ஈயக் குமிழ் ஓடியிருக்கும். மாற்றாக வந்த 63க்கு 37 கலவைக்கும் குறை உண்டு: அதிக மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் அணுக்கள் இடம்பெயர்ந்து குழி விழும். ஈயக் குமிழை முதலில் தேர்ந்தெடுக்க ஒரு நியாயமான காரணம் அதுவே.

ஈயமில்லாச் சாலிடர் மீது விழுந்த பழி

மின்னணுச் சாதனங்களில் ஈயத்துக்கு ஐரோப்பா விதித்த தடை 2006 ஜூலை 1 முதல் அமலானது. அடுத்த ஓரிரு ஆண்டில் லேப்டாப்கள் சாகத் தொடங்கியதால், ஈயமில்லாச் சாலிடர்தான் வில்லன் என்று ஒரு கதை நிலைத்துவிட்டது. இன்றும் கேட்கலாம். இந்த வழக்கில் உடைந்த குமிழோ ஈயத்தால் ஆனது. டையைச் சப்ஸ்ட்ரேட்டோடு இணைக்கும் சாலிடருக்கும், 85 சதவீதத்துக்கு மேல் ஈயம் உள்ள சாலிடருக்கும் அந்தத் தடையிலேயே விலக்கு இருந்தது. ஈயமில்லாமல் ஆனது பேக்கேஜுக்கும் மதர்போர்டுக்கும் நடுவிலுள்ள பெரிய உருண்டைகள். அவை வேறு தளம்.

இந்தக் குழப்பத்தின் செலவு பழுது பார்க்கும் மேசைகளில் விழுந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ பலகை மாட்டிய கடைகளில் அந்தக் காலத்தில் டிவி6000 போர்டுகள் அடுக்கி வைத்திருக்கும். வைத்தியம் இரண்டு: ஃப்ளக்ஸ் விட்டுச் சூடு காட்டும் ரீஃப்ளோ, அல்லது சிப்பைக் கழற்றி உருண்டைகளை மாற்றும் ரீபால். இரண்டாவதுக்குக் காசு கூட. இரண்டிலும் திரை வந்துவிடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார், சில வாரத்திலோ சில மாதத்திலோ திரும்பி வருவார். 220, 230 டிகிரிச் சூட்டில் பசை இளகி, சப்ஸ்ட்ரேட் பக்கத்து மெல்லிய சாலிடர் உருகி, பிளந்த முகங்கள் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கின்றன. ஈயக் குமிழ் அந்தச் சூட்டில் உருகவே உருகாது. ரீபால் செய்யும்போதும் இதே சூடு சிப்புக்குக் கிடைப்பதால், குணமாக்கியது புது உருண்டைகள் என்று தோன்றிவிடும்.

விவரம் தெரிந்த மெக்கானிக் ரீபாலை விட்டுவிட்டு வேறு சிப் தேடுவார். 8600எம் சிப்பின் முதுகில் ஜி84-602-ஏ2 என்று இருந்தால் தொடமாட்டார்; ஜி84-603-ஏ2 என்றால் எடுப்பார். பின்னது பசை மாற்றிய திருத்தப் பதிப்பு என்பது பழுது பார்ப்பவர்கள் வட்டத்தில் பரவியிருந்த அறிவு. ஒரு எண்ணில் அடங்கிய முழுத் தீர்வு.

எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கன்சோல் பழுதானால் எரியும் சிவப்பு வளையமும் இதே குடும்பம். மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. கன்சோலைத் துண்டில் சுற்றிச் சூடாக்கினால் உயிர் வரும் என்ற நாட்டு வைத்தியம் பிரபலமானதும் அப்போதுதான். சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டு, சிப்புக்குள் இருந்த இணைப்புகள் முறிந்ததே காரணம் என்று அதன் பொறியாளர்கள் 2021இல் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

கணக்குத் தீர்த்த விதம்

2008 ஜூலையில் டெல் தன் லேப்டாப்களுக்குப் புது பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) கொடுத்தது. ஃபேனை முன்கூட்டியே சுற்ற வைப்பதுதான் அதன் வேலை. சூட்டின் ஏற்ற இறக்கம் குறைந்தால் குமிழின் நெளிவு குறையும், ஆயுள் நீளும். கோட்பாட்டுப்படி சரியான மருந்துதான். ஏற்கெனவே விழுந்துவிட்ட விரிசலுக்கு மட்டும் பலனில்லை. பழுதை வாரண்டி முடிவுக்கு அந்தப் பக்கம் தள்ளும் வேலை என்று அப்போதே திட்டியவர்கள் உண்டு, அவர்களைத் தப்பு சொல்ல முடியாது.

என்விடியா அந்தக் காலாண்டில் 19.6 கோடி டாலர் எழுதிக் கழித்தது. அதற்குப் பிறகும் வெவ்வேறு ஆண்டுகளில் இதே பழுதுக்காக மேலும் ஒதுக்க வேண்டி வந்தது. குமிழை 63க்கு 37 கலவைக்கு மாற்றுவதாக வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு போனது. இன்டெல் அதற்கு முன்பே, 2006 வாக்கில், 65 நானோமீட்டர் பிராசஸர்களில் செப்புத் தூணுக்குப் போயிருந்தது: குமிழின் பெரும்பகுதி செப்பு, நுனியில் மட்டும் கொஞ்சம் சாலிடர். மின்சாரத்தை நன்றாகத் தாங்கும், நெருக்கமாக அடுக்கலாம். பதிலுக்கு விறைப்பு கூடுவதால் அந்த மெல்லிய படலத்தின் கவலை திரும்ப வரும். சாலிடரையே கைவிட்டு, செப்பைச் செப்போடு நேரடியாக இணைக்கும் ஹைப்ரிட் பாண்டிங், 2016இல் சோனியின் கேமரா சென்சாரிலும் 2022இல் ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டியிலும் கடைக்கு வந்தது. சிலிக்கான் மேல் சிலிக்கானையே ஒட்டுவதால் அந்த இணைப்பில் விரிவு வித்தியாசம் என்ற பேச்சே கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அந்த அடுக்கை மொத்தமாகத் தூக்கி ஒரு பலகையில் உட்கார வைக்கத்தான் வேண்டும். அங்கே குமிழும் அண்டர்ஃபில்லும் இன்னும் இருக்கின்றன.

ஆப்பிள் இலவசப் பழுது நீக்கத்தை முதலில் இரண்டு ஆண்டு என்று அறிவித்து, பிறகு வாங்கிய தேதியிலிருந்து நான்கு ஆண்டு வரை நீட்டியது. கலிஃபோர்னியாவில் நடந்த கூட்டு வழக்கு 2010இல் சமரசமானது. டெல், ஆப்பிள் வாடிக்கையாளர்களுக்குப் பழுது நீக்கிக் கொடுத்தார்கள். எச்பி வாடிக்கையாளர்களுக்கு மாற்று லேப்டாப். பெரிய விலை கொடுத்து பெவிலியன் வாங்கியவர்கள் கைக்கு வந்தது காம்பாக் சிக்யூ56 என்னும் மலிவு மாடல். இது அதற்கு ஈடாகாது என்று மறுத்தவர்களின் மனுவை 2011இல் நீதிமன்றம் ஏற்கவில்லை.